தஞ்சாவூரா, கும்பகோணமா, திருச்சியா? இரண்டு வண்டியோடு டெல்டாவுக்குக் குடிவருகிறேன்

நந்திமலை_ஞாயிறு

எல்லோருக்கும் வணக்கம். நானும் மனைவியும் பெங்களூரில் இருக்கிறோம். அவருக்கு வங்கி வேலை. பாபநாசம் கிளைக்கு மாற்றல் வந்துவிட்டது. அம்பாசமுத்திரம் பக்கத்துப் பாபநாசம் இல்லை, கும்பகோணம் பக்கத்துப் பாபநாசம். எனக்கு வீட்டிலிருந்தே வேலை என்பதால், எந்த ஊரில் வீடு பார்ப்பது என்கிற பொறுப்பு என் தலையில் விழுந்திருக்கிறது. மாமனார் கும்பகோணம் என்கிறார். அலுவலக நண்பன் யோசிக்காமல் திருச்சிக்குப் போ என்கிறான். நடுவில் தஞ்சாவூர் இருக்கிறது.

என்னிடம் இரண்டு வண்டி. ஒன்று ராயல் என்ஃபீல்டு இன்டர்செப்டர் 650. இன்னொன்று அப்பா ஓட்டிய யமஹா ஆர்எக்ஸ் 100. இரண்டையும் விற்கிற பேச்சே இல்லை. இங்கே ஞாயிற்றுக்கிழமை விடியுமுன் கிளம்பினால் அறுபது கிலோமீட்டரில் நந்தி மலை, இறங்கி வரும் வழியில் இட்லி வடை, பத்து மணிக்குள் வீடு. இந்தப் பழக்கத்தை விட முடியாது. டெல்டா என்றாலே எனக்கு நினைவுக்கு வருவது ரயில் ஜன்னலில் பார்த்த தட்டையான வயல்தான். வளைவே இல்லாத ஊரில் வண்டி ஓட்டி என்ன செய்வது என்று ஒரு பயம்.

என் கேள்வி இதுதான்: வண்டிப் பைத்தியம் உள்ளவன் இந்தப் பக்கம் எங்கே குடியிருக்கலாம்? வாரநாளில் காலையில் ஒரு சுற்று ஓட்ட நல்ல சாலை வேண்டும். ஆயில் மாற்றுவது, செயின் சுத்தம் செய்வது எல்லாம் நானே செய்வேன், அதற்கு இடமுள்ள வாடகை வீடு கிடைக்க வேண்டும். வெள்ளம், துரு, ஸ்பேர் பார்ட்ஸ் பற்றியும் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். இரண்டும் கர்நாடகப் பதிவு வண்டிகள், அதற்கு என்ன செய்வது என்றும் யாராவது சொன்னால் நல்லது.

---

மலைக்கோட்டை_ட்வின்

இதில் யோசிக்க என்ன இருக்கிறது சகோ? திருவெறும்பூர் அல்லது துவாக்குடி. நாலுவழிச் சாலை வாசலில். துறையூர் வழியாகப் பச்சைமலை எண்பது கிலோமீட்டருக்குள். கொல்லிமலைக்குக் காரவல்லியிலிருந்து ஏறினால் 70 கொண்டை ஊசி வளைவு, காலையில் போய்ச் சாயங்காலம் வந்துவிடலாம். திண்டுக்கல் சிறுமலைக்கு 18 வளைவு. கொடைக்கானல் கூட ஒரு ராத்திரி தங்கினால் போதும். பெரிய வண்டிக்கு சர்வீஸ், டயர், பேலன்சிங் எல்லாம் இங்கேதான் கிடைக்கும், தஞ்சாவூர்க்காரர்களே இங்கேதான் வருகிறார்கள். மனைவிக்கு மயிலாடுதுறை போகும் ரயில் இருக்கிறது, பாபநாசத்தில் நிற்கும்.

டெல்டாவுக்குள் போனால் ஹேண்டிலைத் திருப்பவே மறந்துவிடுவீர்கள். அவ்வளவுதான் சொல்வேன்.

---

பம்ப்செட்_வல்லம்

தம்பி, நான் மோட்டார் பம்ப் ரிப்பேர் செய்கிறவன். சப்மெர்சிபிளைத் தூக்கி, காயில் கட்டி, திரும்ப இறக்கிக் கொடுப்பது தொழில். வல்லத்தில் வீடு. கூப்பிடுகிறவர்கள் திருக்காட்டுப்பள்ளியிலும் இருப்பார்கள், ஒரத்தநாட்டிலும் இருப்பார்கள், மன்னார்குடிக்கு அந்தப் பக்கமும் இருப்பார்கள். மோட்டார் நின்றால் பயிர் காயும், அதனால் நேரம் காலம் பார்க்காமல் போவேன். தொழிலுக்கு எக்ஸ்பல்ஸ் 200. ஆசைக்கு உங்களை மாதிரியே ஒரு ஆர்எக்ஸ் 100. எனவே இந்த ஜில்லாச் சாலைகளைப் பற்றி நான் பேசலாம் என்று நினைக்கிறேன்.

திருச்சி நண்பர் சொல்வதில் பாதி சரி. மலைதான் வேண்டும் என்றால் திருச்சியை விட்டு வேறு ஊர் பேச வேண்டாம். ஆனால் மலைக்கு மாதம் ஒரு தடவை போவீர்கள், ஆசை முற்றினால் இரண்டு தடவை. மற்ற நாளெல்லாம் காலை ஆறு மணிக்கு எடுத்து எட்டு மணிக்குத் திரும்புகிற ஓட்டம்தானே? வீட்டை அந்த இரண்டு மணி நேரத்துக்குப் பாருங்கள். துவாக்குடியில் இருந்துகொண்டு அந்த நேரத்தில் வெளியே வந்தால் உங்களோடு வருவது கம்பெனி பஸ்ஸும் லாரியும்தான். அதோடு உங்கள் வீட்டம்மா தினமும் போக வர எத்தனை மணி நேரம் ரயிலில் உட்காருவார் என்பதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

அடுத்தது, டெல்டாவில் வீடு பார்க்கிற வண்டிக்காரன் முதலில் மண்ணைப் பார்க்க வேண்டும். வெளியூர்க்காரர்களுக்கு எல்லாம் ஒரே பச்சையாகத் தெரியும். கல்லணையில் காவிரி பிரிகிறது: காவிரி, வெண்ணாறு, கொள்ளிடம், அப்புறம் 1934-இல் திறந்த புதாறு என்கிற கல்லணைக் கால்வாய். காவிரியும் வெண்ணாறும் பாய்கிற பழைய டெல்டா முழுக்க வண்டல், களி. தஞ்சாவூருக்குத் தென்மேற்கே வல்லம், செங்கிப்பட்டி, கந்தர்வகோட்டைப் பக்கம் வந்தால் செம்மண் மேடு. ஒரே ஊருக்கு இரண்டு பக்கம் இரண்டு மண். இது சாலையை எப்படி மாற்றும் என்று சொல்கிறேன்.

களிமண் ஈரத்தில் உப்பும், கோடையில் வெடிக்கும். மேலே போட்ட தார் அதற்கு ஈடுகொடுத்து நெளியும். நேராகத் தெரிகிற சாலையில் அறுபதில் போனாலே சீட்டு உங்களைத் தூக்கிப்போடும். இரண்டு மூன்று கிலோமீட்டருக்கு ஒரு பாலம் வரும், ஏனென்றால் அவ்வளவு ஆறு, அவ்வளவு வாய்க்கால். பாலம் இருந்த இடத்தில் இருக்கும். அதை ஒட்டி மண்மேல் போட்ட சாலை அமுங்கிப்போயிருக்கும். ஏறும்போது ஒரு படி, இறங்கும்போது ஒரு படி. புதிதாக வருகிறவன் முன் ஃபோர்க் ‘டக்’ என்று அடிவாங்கிய பிறகுதான் வேகத்தைக் குறைப்பான். உங்கள் 650-க்கு இருநூறு கிலோவுக்கு மேல் எடை. அந்த அடி ஃபோர்க் சீலில் தெரியும், ஆயில் கசியும்.

சாலை ஓரம் இன்னொரு சமாச்சாரம். ஒரு பக்கம் வாய்க்கால், ஒரு பக்கம் வயல். தார் முடிகிற இடத்தில் முக்கால் அடி பள்ளம், அதை மூடிப் புல். எதிரே பஸ் வந்தால் ஒதுங்குகிறேன் என்று புல்லில் இறங்கக் கூடாது. முன்கூட்டியே அகலமான இடம் பார்த்து நின்றுவிட வேண்டும். இங்கே பிறந்தவர்கள் அப்படித்தான் ஓட்டுகிறார்கள்.

அப்புறம் பருவம். பெங்களூரில் மழை, வெயில் என்று இரண்டுதான் பார்த்திருப்பீர்கள். இங்கே சாலைக்கே சாகுபடிக் கணக்கு உண்டு. வழக்கமாக ஜூன் 12 மேட்டூர் திறக்கும், ஜனவரி 28 மூடும். திறப்பதற்கு முந்தைய இரண்டு மாதம் தூர்வாரும் வேலை நடக்கும். பொக்லைன் வைத்து ஆற்றிலிருந்து அள்ளியதையெல்லாம் கரையில் கொட்டுவார்கள். அந்தக் கரை நீங்கள் காலையில் ஓட்ட ஆசைப்பட்ட கரை. அதன் பிறகு நடவு. டிராக்டர் கேஜ் வீலோடு வயலிலிருந்து நேராகத் தார்ச்சாலையில் ஏறும். ஏறக் கூடாது என்றுதான் சட்டம். யார் கழற்றிப் பூட்டிக்கொண்டு இருப்பார்? அந்த இரும்புச் சக்கரம் போன இடத்தில் தார் வரிவரியாக வெட்டுப்பட்டிருக்கும். கூடவே சேறு கட்டிகட்டியாக விழுந்து கிடக்கும். காய்ந்தால் கல், நனைந்தால் வெண்ணெய். அக்டோபரில் குறுவை அறுவடை நடக்கும்போதே வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிடும். அந்த மாதத்தில் வெண்ணாற்றுக் கரையில் 650-யை ஓட்டுகிறவன் தைரியசாலி, அல்லது சொந்தமாக மெக்கானிக் வைத்திருப்பவன்.

நெல் காயப்போடுவதைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. சாலையில் பாதியை நெல் பிடித்திருக்கும். சுற்றிலும் கருங்கல், செங்கல் வைத்திருப்பார்கள். பகலில் தெரியும். ராத்திரி தார்ப்பாயைப் போட்டு மூடிவிட்டுக் கல்லை மட்டும் அப்படியே விட்டுவிட்டுப் போவார்கள், கறுப்புத் தாரில் கறுப்புக் கல். கோபப்பட்டுப் பிரயோஜனமில்லை. கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருந்தால்தான் மூட்டையை வாங்குவார்கள். தளர்வு கேட்டு வருஷாவருஷம் மனு போகிறது. களம் இருக்கிற ஊர் குறைவு, இருக்கிற களத்திலும் முதலில் வந்தவன் நெல். அவன் வேறு எங்கே போவான்? அதனால் அறுவடைக் காலத்தில் இருட்டிய பிறகு கிராமத்துச் சாலையில் நான் நாற்பதைத் தாண்டுவதில்லை. மோட்டார் வேலைக்கு அர்த்தராத்திரியில் கூப்பிட்டாலும் அதே நாற்பதுதான்.

மாசி பங்குனியில் உளுந்துச் செடியைச் சாலை முழுக்கப் பரப்பிவிடுவார்கள், போகிற வண்டி மிதித்தே உளுந்து உதிரட்டும் என்று. வைக்கோலும் கிடக்கும். சக்கரத்தில் சுற்றி, செயினில் ஏறி, சைலன்சரில் ஒட்டிக்கொள்ளும். ஒட்டியது புகையும். இன்டர்செப்டரில் இரண்டு பக்கமும் பைப் வெளியே இருக்கிறது, பார்த்துக்கொள்ளுங்கள். வைக்கோலைத் தாண்டியதும் இறங்கிக் குனிந்து பார்த்துவிட்டுத்தான் மறுபடி கிளம்ப வேண்டும். இதில் சோம்பல் ஆகாது.

இவ்வளவும் சொன்னது டெல்டா வேண்டாம் என்று அல்ல. தை மாதம் காலையில் திருக்காட்டுப்பள்ளியிலிருந்து திருவையாறு வரை காவிரிக் கரையோடு வந்து பாருங்கள். வளைவு இல்லை என்று யார் சொன்னது? ஆறு வளைகிற இடத்திலெல்லாம் சாலையும் வளையும். கொல்லிமலை மாதிரி முதல் கியர் வளைவு இல்லை. மூன்றாவது கியரில் போட்டு, திராட்டிலைத் தொடாமல் படுத்து எழுகிற வளைவு. அதற்கு ஆர்எக்ஸ் 100-தான் வண்டி. 650 அங்கே சும்மா உறுமிக்கொண்டு வரும்.

அதனால் என் பேச்சு இதுதான். தஞ்சாவூரில் இருங்கள், ஆனால் ஊரின் மேற்கு, தெற்குப் பக்கத்தில். மருத்துவக் கல்லூரிச் சாலையில் தொடங்கி வல்லம் வரை எங்கே கிடைத்தாலும் சரி. மேட்டு நிலம், மழைத் தண்ணீர் நிற்காது. வடக்கே போனால் திருவையாறு, கரைச் சாலை உங்களுடையது. மழைக்காலத்தில் அந்தப் பக்கம் சேறானால் வண்டியைத் தெற்கே திருப்புங்கள். கந்தர்வகோட்டை, புதுக்கோட்டை வரை செம்மண்ணும் யூகலிப்டஸும் முந்திரியும். மழை விட்டு இரண்டு மணி நேரத்தில் சாலை காய்ந்துவிடும். அங்கிருந்து நார்த்தாமலை, குடுமியான்மலை என்று கல் குன்றுகள் இருக்கின்றன. கடல் வேண்டுமா? ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை வழியாகச் சேதுபாவாசத்திரம், பக்கத்தில் சரபோஜி கட்டிய மனோரா, பிறகு கிழக்குக் கடற்கரைச் சாலை. மலைக்குப் போகிற நாளில் ஒரு மணி நேரம் முன்னால் எழுந்தால் திருச்சிக்காரரோடு சேர்ந்துகொள்ளலாம்.

வீட்டம்மாவுக்குத் தஞ்சாவூரிலிருந்து பாபநாசம் ரயிலில் அரை மணி நேரம்தான்.

---

உப்புக்காற்று_நாகை

வல்லம் அண்ணன் எழுதியதற்கு மேல் எனக்குச் சொல்ல அதிகம் இல்லை. ஒன்றே ஒன்று. யாராவது கடலோரம் வீடு மலிவு என்று ஆசை காட்டினால் வராதீர்கள். நாகப்பட்டினத்திலிருந்து வேதாரண்யம் வரை ஓட்டுவதற்கு அருமையான சாலை. கோடியக்கரைப் பக்கம் விடிகாலையில் போனால் மான் குறுக்கே ஓடும், வேகத்தைக் குறைத்து ஓட்டுங்கள். ஆனால் வண்டியை இங்கே வைத்துக்கொள்வது வேறு கதை.

என் வண்டியில் முதலில் துருப்பிடித்தது ஸ்போக் நிப்பிள். அப்புறம் டிஸ்க் போல்ட், சைடு ஸ்டாண்டு ஸ்பிரிங், இண்டிகேட்டருக்குள் போகிற ஒயர் முனை. வெளியே பளபளவென்று இருக்கும், ஒரு நாள் ஹாரன் அடிக்காது. கழுவினால் சரியாகிவிடும் என்பார்கள். எதில் கழுவுவது? எங்கள் தெரு போர் தண்ணீரே உப்பு. கழுவிக் காய்ந்ததும் டேங்கில் வெள்ளை வெள்ளையாகத் திட்டு நிற்கும். குடிதண்ணீரைப் பிடித்து வைத்து வண்டி கழுவினால் வீட்டில் சண்டை.

2018 நவம்பரில் கஜா அடித்தபோது பட்டுக்கோட்டை, பேராவூரணி, வேதாரண்யம் பக்கம் தென்னை விழுந்து சாலையே தெரியவில்லை. வண்டியை ஷெட்டில் வைத்தவர்களின் வண்டிமேல் ஷெட் விழுந்தது. கான்கிரீட் கூரைக்குக் கீழே வண்டி நிற்கிற வீடாகப் பாருங்கள். தகரக் கொட்டகை வேண்டாம்.

ஆகஸ்ட் 29-லிருந்து செப்டம்பர் 8 வரை வேளாங்கண்ணித் திருவிழா. அதற்குச் சில நாள் முன்பிருந்தே காவி உடுத்தி நடந்து வருகிறவர்கள் சாலை ஓரமெல்லாம் இருப்பார்கள், விடியுமுன் இருட்டில்தான் அதிகம் நடப்பார்கள். அந்த வாரங்களில் இந்தப் பக்கம் அதிகாலை ஓட்டம் வேண்டாம்.

---

டிகிரிகாபி_ஹண்டர்

கும்பகோணத்துக்காரி. கல்லூரியில் பாடம் எடுக்கிறேன், ஹண்டர் 350 ஓட்டுகிறேன். மூன்று பேர் எழுதிவிட்டார்கள், மூன்று பேருமே ரயிலில் போகப்போகிறவருக்கு என்ன விருப்பம் என்று கேட்கவில்லை. பம்ப்செட் அண்ணன் மட்டும் கொஞ்சம் நினைத்தார், அதற்கு நன்றி. வங்கியில் மாலை கணக்கு முடியாவிட்டால் ரயில் காத்திருக்காது. அப்போது ஏறுவது பஸ். பாபநாசத்திலிருந்து கும்பகோணம் பஸ்ஸில் அரை மணி. தஞ்சாவூர் என்றால் அய்யம்பேட்டை நெரிசலையும் தாண்ட வேண்டும். உங்கள் மாமனார் தன் மகளை நினைத்துத்தான் கும்பகோணம் என்கிறார் என்று தோன்றுகிறது.

அதே சமயம் பொய் சொல்லமாட்டேன். ஊருக்குள் வண்டி ஓட்டுவது இன்பம் இல்லை. முகூர்த்த நாளில் மகாமகக் குளத்தைச் சுற்றி வருவதற்குள் 650 எஞ்சின் சூட்டில் தொடை வெந்துவிடும். 2028-இல் மகாமகம். அந்த மாசியில் வண்டியைப் பூட்டிவிட்டு நடக்கத் தயாராக இருங்கள். ஊருக்கு வெளியே புது நாலுவழிச் சாலை வந்தபின் லாரிகள் ஊருக்குள் வருவது குறைந்திருக்கிறது.

ஓட்டத்துக்கு என் காலைச் சுற்று: சுவாமிமலை போய், காவிரிக் கரையில் கபிஸ்தலம், அப்படியே திருவையாறு பக்கம் எவ்வளவு நேரம் இருக்கிறதோ அவ்வளவு தூரம். வெள்ளிக்கிழமை தவிர. அன்று சுவாமிமலையில் கூட்டம். ஞாயிறு என்றால் அணைக்கரை வழியாகக் கொள்ளிடத்தைத் தாண்டிக் கங்கைகொண்ட சோழபுரம். பழைய அணைமேல் போகிற பாலம் ஒடுக்கமானது, அங்கே அவசரப்படாதீர்கள். கோயில் திறந்திருக்கிற நேரத்துக்குப் போனால் புல்வெளியில் கொஞ்சம் உட்கார்ந்துவிட்டுத் திரும்பலாம்.

ஒன்றைச் சேர்க்கிறேன், இதை ஆண்கள் யாரும் எழுதமாட்டார்கள். பெரிய வண்டியில் தனியாகப் போகிற பெண்ணை இந்தப் பக்கம் ஊரே திரும்பிப் பார்க்கும். முதலில் எரிச்சலாக இருந்தது. இப்போது கபிஸ்தலத்தில் டீக்கடைப் பாட்டி வண்டிச் சத்தத்தைக் கேட்டே பாலை அடுப்பில் ஏற்றிவிடுகிறார். உங்கள் மனைவிக்கு ஆர்எக்ஸ் ஓட்டப் பிடிக்குமா என்று கேட்டுப்பாருங்கள்.

வீட்டைப் பொறுத்தவரை கும்பகோணத்தில் ஒரு வசதி உண்டு. அக்ரஹாரத்துப் பழைய வீடுகள் சில ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும். கொல்லைக் கதவைத் திறந்தால் பின் சந்து. மாடு கட்டிய கொட்டில் சும்மா கிடக்கும். அதில் தரை போட்டு ஒரு குழல்விளக்கு மாட்டினால் பட்டறை தயார். வாசல் பக்கம் திண்ணையும் படியும் இருப்பதால் வண்டியை அந்த வழியாக ஏற்ற நினைக்காதீர்கள்.

---

நந்திமலை_ஞாயிறு

இவ்வளவு விவரம் வரும் என்று எதிர்பார்க்கவில்லை, எல்லோருக்கும் நன்றி. மனைவியிடம் இந்தத் திரியைப் படிக்கக் கொடுத்தேன். டிகிரிகாபி அவர்களின் பதிலை இரண்டு தடவை படித்தார். ஆர்எக்ஸ் அவருக்கு வேண்டாமாம், கியர் இல்லாத வண்டி போதுமாம். ஆனால் திருச்சி இல்லை என்று முடிவாகிவிட்டது. மலைக்கோட்டை சகோ மன்னிக்க வேண்டும், கொல்லிமலைக்கு உங்களோடு வருகிறேன்.

தஞ்சாவூர் மேற்குப் பக்கம் நான்கைந்து வீடு, கும்பகோணத்தில் கொல்லையோடு ஒரு வீடு பார்க்க அடுத்த வாரம் வருகிறோம். வீட்டைப் பார்க்கும்போது வண்டிக்காரன் கண்ணால் எதைக் கவனிக்க வேண்டும்? பெரிய வண்டிக்கு இங்கே பார்ட்ஸ் நிலைமை நிஜமாகவே மோசமா?

---

பம்ப்செட்_வல்லம்

தம்பி, கும்பகோணத்து அம்மா சொன்னது நியாயம். பஸ் கணக்கை நான் யோசிக்கவில்லைதான். ஆனாலும் மண்ணைப் பற்றிச் சொன்னதில் நான் மாறமாட்டேன். கும்பகோணம் காவிரிக்கும் அரசலாற்றுக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கிற ஊர். எந்தப் பக்கம் வெளியே வந்தாலும் களிதான்.

வீடு பார்க்கும்போது முதலில் சாலையைப் பாருங்கள், பிறகு வீட்டுத் தரையைப் பாருங்கள். பழைய சாலையைச் சுரண்டாமல் அதன்மேலேயே புதுச் சாலை போட்டுப் போட்டுத் தெரு உயர்ந்துகொண்டே போகிறது. வாசல் சாலையைவிடத் தாழ்ந்திருந்தால் ஐப்பசியில் உங்கள் வண்டிகள் தண்ணீரில் நிற்கும். சுவரில் கீழே ஒரு அடி உயரத்துக்குப் பழுப்புக் கோடு இருக்கிறதா என்று பாருங்கள். புதிதாகச் சுண்ணாம்பு அடித்திருந்தால் பக்கத்து வீட்டுச் சுவரைப் பாருங்கள், அவர் அடித்திருக்க மாட்டார்.

தரை உயரமாக இருந்தால் வாசலில் சாய்வு இருக்கும். அது செங்குத்தாக இருந்தால் இருநூறு கிலோ வண்டியைத் தினமும் தனியாக இறக்க முடியாது. எஞ்சினைப் போட்டு முதல் கியரில் ஏற்றிவிடலாம். இறக்கும்போதுதான் வம்பு, காலை ஊன்றுகிற இடத்தில் பாசி இருந்தால் கதை முடிந்தது. சொர சொரவென்று கோடு போட்ட சிமெண்டுத் தரையாக இருக்க வேண்டும். மண் தரையில் சைடு ஸ்டாண்டு போட்டு வைத்தால் மழை பெய்த ராத்திரி ஸ்டாண்டு இறங்கி வண்டி சாய்ந்துவிடும். ஒரு கடப்பாக் கல் துண்டு போதும்.

வீட்டுக்காரரிடம் வண்டியைக் காட்டிவிட்டு முன்பணம் கொடுங்கள். ஆர்எக்ஸை ஒரு தடவை உதைத்துச் சத்தத்தைக் கேட்கச் சொல்லுங்கள். வயசானவர்கள் சில பேர் அந்தச் சத்தத்தைக் கேட்டதும் தாங்கள் வைத்திருந்த வண்டிக் கதையை எடுத்துவிட்டு வாடகையைப் பேசவே மறந்துவிடுவார்கள். சில பேர் முகத்தைச் சுளிப்பார்கள். காலை ஐந்தரைக்குக் கிளம்புகிறவனுக்கு இது முன்பே தெரிய வேண்டும்.

பார்ட்ஸ் கேட்டீர்கள். செயின், கேபிள், பிரேக் பேட், ஆயில் ஃபில்டர் எல்லாம் தஞ்சாவூரிலேயே கிடைக்கும். என்ஃபீல்டு 350-க்கு எல்லாமே கிடைக்கும், ஊருக்கு ஊர் அந்த வண்டிதான். 650-க்கு ஆர்டர் போட்டால் சில சமயம் நாள் ஆகும். என் மச்சான் மகன் ஒரு ஷோரூமில் கிளட்ச் பிளேட்டுக்குக் காத்திருந்து காத்திருந்து, கடைசியில் சென்னையிலிருந்து பஸ் பார்சலில் வரவழைத்தான். பெயர் வேண்டாம். கேபிள் ஒரு செட், பேட் ஒரு செட், டியூப் இரண்டு வீட்டில் இருக்கட்டும். பெட்ரோல் விஷயத்தில் கவலை இல்லை, கிராமத்துக்குள்ளும் பங்க் வந்துவிட்டது.

முன் மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவில் விரல் நுழையும் இடம் இருந்தாலும் களிமண் போய் அடைத்துக்கொள்ளும். சக்கரம் சுற்றாமல் இழுபடும். ஒரு சின்ன மரக்குச்சியைச் சீட்டுக்கடியில் செருகி வையுங்கள். இரும்புக் கம்பி வேண்டாம், பெயின்ட் போகும்.

இன்னொன்று. சம்பா வயல் பசேலென்று நிற்கிற மாதங்களில் சாயங்காலம் பூச்சி அப்பும். ஹெல்மெட் கண்ணாடியைத் திறந்து வைத்து ஓட்டுகிற பழக்கம் இருந்தால் பெங்களூரிலேயே விட்டுவிட்டு வாருங்கள்.

---

மலைக்கோட்டை_ட்வின்

தோல்வியை ஒப்புக்கொள்கிறேன். கொல்லிமலைக்குப் பிப்ரவரியில் போகலாம். பம்ப்செட் அண்ணனும் ஆர்எக்ஸோடு வர வேண்டும். ஏற்றத்தில் யார் முந்துகிறார்கள் என்று பார்ப்போம்.

---

பதிவுஎண்_49

கர்நாடகப் பதிவு பற்றிக் கேட்டதற்கு யாரும் பதில் சொல்லவில்லை. நான் இரண்டு வண்டி மாற்றியிருக்கிறேன்.

வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வண்டியை வைத்திருந்தால் அந்த மாநிலப் பதிவுக்கு மாற்ற வேண்டும் என்பது சட்டம். பெங்களூரை விட்டுக் கிளம்புவதற்கு முன்பே அங்குள்ள ஆர்டிஓ அலுவலகத்தில் ஃபாரம் 28 கொடுத்துத் தடையில்லாச் சான்று வாங்கிவிடுங்கள். இங்கே வந்தபின் அதற்காக ஒரு நடை போவது வீண் செலவு. 650 கடனில் எடுத்திருந்தால் கடன் கொடுத்தவர்களின் சம்மதக் கடிதமும் வேண்டும். கடன் முடிந்திருந்தால் ஆர்சியில் அவர்கள் பெயர் நீங்கியிருக்கிறதா என்று பாருங்கள். பணம் கட்டி முடித்தும் பெயர் நீங்காமல் இருப்பதுதான் பெரும்பாலும் காலை வாரும்.

ஆர்எக்ஸ் 100 பதினைந்து வருஷத்தைத் தாண்டிய வண்டி. அதன் பதிவு புதுப்பித்திருக்கிறதா, எதுவரை செல்லும் என்று இன்றைக்கே பாருங்கள். காலாவதியாகியிருந்தால் அங்கேயே புதுப்பித்துவிட்டுச் சான்று கேளுங்கள். உங்கள் அப்பா பெயரில் இருந்தால் வாரிசு முறையில் உங்கள் பெயருக்கு மாற்றுவதையும் அங்கேயே முடித்துவிட்டால் நல்லது. இன்சூரன்ஸும் புகைச் சான்றும் நடப்பில் இருக்கட்டும்.

இங்கே வந்து தமிழ்நாட்டு ஆயுள் வரி கட்ட வேண்டும், வண்டியின் வயசைப் பொறுத்துக் குறையும். பதிவு மாறிய பிறகு கர்நாடகத்தில் கட்டிய வரியில் மீதிக்காலத்துக்கு உரியதைத் திரும்பக் கேட்டு விண்ணப்பிக்கலாம். தஞ்சாவூரில் வீடு எடுத்தால் டிஎன் 49, கும்பகோணத்தில் எடுத்தால் டிஎன் 68. முகவரிக்கு வாடகை ஒப்பந்தம் கேட்பார்கள், அதை மனைவி பெயரில் போட்டுவிட்டு வண்டி உங்கள் பெயரில் இருந்தால் அலைய வேண்டியிருக்கும். ஒப்பந்தத்தில் இரண்டு பேர் பெயரையும் சேர்த்துவிடுங்கள்.

ஆய்வுக்கு வண்டியைக் கொண்டுபோகும் முன் சேஸிஸ் எண் மேலே இருக்கிற கிரீஸையும் பெயின்டையும் மண்ணெண்ணெய் துணியால் துடைத்துவிடுங்கள். காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்த்து அச்சு எடுக்க வேண்டும். பழைய ஆர்எக்ஸில் ஒரு எழுத்து தெளிவாக விழாவிட்டாலும் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.